அப்பாவின் பழைய ஐசியூ ஃபைல் (கொரோனா, 2021): இதில் எழுதியிருப்பதை யாராவது விளக்க முடியுமா?

வண்டிப்பாளையத்தாள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 64 வயது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர், "கொரோனாவில் வென்டிலேட்டர் வரைக்கும் போய் வந்தவரா? அப்போ அந்த ஃபைலைக் கொண்டு வாங்க" என்றார். பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தால் எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. 2021 மே மாதம் எங்களை உள்ளே விடவில்லை. தினம் ஒரு போன் வரும், "அப்படியேதான் இருக்கார்" என்பார்கள், அவ்வளவுதான். ஃபைலில் இருப்பது இது:

காய்ச்சல் 6 நாள், மூச்சுத்திணறல் 1 நாள். சர்க்கரை, பிபி உண்டு. வரும்போது சாச்சுரேஷன் 74, மூச்சு நிமிடத்துக்கு 36. சிடி ஸ்கோர் 25-க்கு 19. லிம்போசைட் குறைவு. சிஆர்பி, ஃபெரிட்டின், டி-டைமர் அதிகம். சிவியர் ஏஆர்டிஎஸ், பி/எஃப் 88. ஹெச்எஃப்என்சி, என்ஐவி, பிறகு இன்ட்யூபேஷன். ப்ரோன் 4 முறை. ஏகேஐ, டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ட்ரக்கியாஸ்டமி. டெலிரியம். கை கால் பலவீனம்.

எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று: அன்று காலை அப்பா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார், போனில் கடைக் கணக்கு பேசினார். சாயங்காலம் ஐசியூ. எப்படி?

---

பண்ருட்டி_பலாச்சுளை

சாச்சுரேஷன் 74-ல் இட்லி சாப்பிட்டவர் குடலிறக்கத்துக்கா பயப்படுவார்! நல்லபடியா முடியும்மா. டாக்டர்கள் யாராவது வருவார்கள், இழையை மேலே தள்ளி வைக்கிறேன்.

---

கோரிமேடு_மயக்கம்

புதுச்சேரியில் மயக்கவியல், ஐசியூ இரண்டும் பார்க்கிறவன். ஃபைலை நேரில் பார்க்காமல் சொல்வது பொதுவான விளக்கம் மட்டுமே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இட்லிக் கேள்வி. மூச்சு முட்டுகிற உணர்வை மூளைக்குத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதுதான். கொரோனாவில் ஆரம்பத்தில் நுரையீரல் இறுகிப் போவதில்லை. வேகமாக மூச்சு வாங்கியே கரியமில வாயுவை வெளியே தள்ளிவிட முடிகிறது. ஆக்சிஜன் மட்டும் உள்ளே ஏறாது, ஏனென்றால் காற்று போய்ச் சேராத இடங்கள் வழியாகவும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 74-லும் மனிதர் பேசுவார், சாப்பிடுவார். பத்திரிகைகள் 'ஹேப்பி ஹைபாக்ஸியா' என்று எழுதியது இதைத்தான். ஆனால் அவர் ஒன்றும் 'ஹேப்பி' இல்லை. நிமிடத்துக்கு 36 மூச்சு என்பது உடம்பு ஓடிக்கொண்டிருப்பதற்குச் சமம். பெரியவர்களுக்கு இயல்பு 12 முதல் 20. காலையில் யாராவது ஒரு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை, அப்போது யாருக்கும் இதைச் சொல்லித்தரவில்லை.

அப்புறம் நாள் கணக்கு. காய்ச்சல் 6 நாள், திணறல் 1 நாள் என்பது இந்த நோய்க்கு அச்சு அசல் வரிசை. முதல் வாரம் வைரஸின் வாரம். இரண்டாவது வாரம் நம் எதிர்ப்பு மண்டலமே கொந்தளிக்கிற வாரம். ஐசியூவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் 7-லிருந்து 10-ஆம் நாளுக்குள் வந்தவர்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆள் தேறிவிட்டார் என்று வீட்டில் நினைக்கிற அதே நேரம்.

பி/எஃப் 88: தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு, அதற்கு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தோம் என்கிற விகிதம். நல்ல நுரையீரலுக்கு 400-க்கு மேல் இருக்கும். 300-க்குக் கீழே வந்தால் ஏஆர்டிஎஸ் (அழற்சியால் நுரையீரல் திணறிப்போகிற நிலை), 200-க்குக் கீழே நடுத்தரம், 100-க்குக் கீழே கடுமை. உதாரணமாக 70 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் அழுத்தம் 62-தான் என்றால் 62-ஐ 0.7-ஆல் வகுக்க ஏறக்குறைய 88 வரும். உங்கள் ஃபைலில் எந்த எண் முக்கியம் என்று கேட்டால் என் விரல் இதன் மேல்தான் போகும். ஸ்கேனில் நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறது என்று காட்டும் சிடி ஸ்கோரின் மேல் போகாது.

லிம்போசைட் என்கிற வெள்ளணு குறைவது கடுமையான கொரோனாவின் பொதுவான அடையாளம். சிஆர்பி, ஃபெரிட்டின் அழற்சியின் அளவு. டி-டைமர் ரத்தம் உறைந்து கரைவதன் தடயம். இறந்தவர்களின் நுரையீரலைப் பரிசோதித்தபோது நுண்குழாய்களிலெல்லாம் சின்னச் சின்ன உறைகட்டிகள் இருந்தன. அதனால்தான் அட்மிட் ஆன எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டோம்.

மீதியை இரவு எழுதுகிறேன், கேஸ் இருக்கிறது.

---

லாஸ்பேட்டை_வாத்தியார்

டாக்டர் சார் சொன்ன நாள் கணக்கு வூஹானிலிருந்து வந்த முதல் கட்டுரைகளிலேயே இருந்தது. 2020 பிப்ரவரியில் வந்த ஒன்றில் 138 நோயாளிகள், அவர்களில் 36 பேர் ஐசியூ. முதல் அறிகுறியிலிருந்து மூச்சுத்திணறல் வர நடு அளவாக 5 நாள், ஏஆர்டிஎஸ் வர 8 நாள். ஐசியூ போனவர்களின் நடு வயது 66, போகாதவர்களுக்கு 51. ஐசியூவில் இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு ஏற்கனவே ஏதோ ஒரு நோய், மற்றவர்களில் 37 சதவீதம். இத்தாலியில் லொம்பார்டி மாநிலத்தின் 1,591 ஐசியூ நோயாளிகளைப் பார்த்தார்கள், 82 சதவீதம் ஆண்கள். பிபி இருந்தவர்கள் ஏறக்குறைய பாதி.

இந்தக் கட்டுரைகள் எல்லாம் 2020 ஏப்ரலுக்குள் வந்துவிட்டன. மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பிய லோடுமேன்கள் மூலமாகக் கடலூர் மாவட்டத்தில் கேஸ் குவிந்தபோது இந்த அறிவு கையில் இருந்தது. தெருவுக்கு வந்ததோ கபசுரக் குடிநீரும் பிளீச்சிங் பவுடரும். மூச்சை எண்ணுங்கள் என்று ஒரு ஆட்டோ மைக்கிலாவது சொல்லியிருக்கலாம். இது என் ஆதங்கம்.

---

முதுநகர்_செந்தில்

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. என் அண்ணன் மாஸ்க் ஆக்சிஜனில் பேசிக்கொண்டிருந்தார். வென்டிலேட்டர் போட்டார்கள், மூன்றாம் நாள் பாக்கெட்டில் சுற்றிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் வென்டிலேட்டர் போட்ட ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை. ஆளைக் கொன்றது கொரோனாவா மெஷினா? அந்த ஆஸ்பத்திரி பேரை இங்கேயே போடுறேன்

---

நிர்வாகி

செந்தில், ஆஸ்பத்திரி பெயர் இருந்த வரியை எடுத்திருக்கிறேன். மன்னிக்கவும், இங்கே அது விதி. கேள்வி அப்படியே இருக்கிறது, அது கேட்கப்பட வேண்டியதுதான்.

---

நைட்_டியூட்டி_வில்லியனூர்

செந்தில் தம்பி, டாக்டர் மெஷினைப் பற்றிச் சொல்வார். நான் ஸ்டாஃப் நர்ஸ், வார்டில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மாஸ்க்கில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று போனதாக வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே அது திடீரென்று இல்லை. எங்களுக்கு ரொம்பப் பயம் பாத்ரூம்தான். பெட்பேன் வைக்கிறோம் என்றால் ஆண்கள் வெட்கப்படுவார்கள். நாங்கள் அடுத்த பெட்டில் இருக்கும்போது மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போய்விடுவார்கள். பத்தடிதான் இருக்கும். திரும்பி வரும்போது 90-ல் இருந்த சாச்சுரேஷன் 60-க்கு வந்திருக்கும், உதடு நீலம், அதன் பிறகு பழைய அளவு ஆக்சிஜன் போதவே போதாது. இப்படி ராத்திரி இரண்டு மணிக்கு வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் (ஃபைலில் இன்ட்யூபேஷன் என்பது இதுதான்) போட வேண்டி வந்தவர்கள் நிறைய.

ஹெச்எஃப்என்சி என்பது மூக்கில் வைக்கிற தடித்த குழாய், சூடான ஈரக் காற்று நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். மாஸ்க்கில் 15 லிட்டர்தான் போகும். 7 கன மீட்டர் ஜம்போ சிலிண்டரை முழு ஆக்சிஜனில் இந்த மெஷினுக்குப் போட்டால் இரண்டு மணி நேரம்கூட வராது. அந்த மே மாதம் ஏன் எல்லோரும் ஆக்சிஜன் ஆக்சிஜன் என்று அலைந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். என்ஐவி என்றால் முகத்தோடு இறுக்கிக் கட்டுகிற மாஸ்க். அதைத் தாங்குவது கஷ்டம், மூக்குத் தண்டில் புண் வந்துவிடும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூடக் கழற்ற வேண்டும்.

அப்புறம் ப்ரோன். வண்டிப்பாளையம் அக்கா, உங்கள் அப்பாவை 4 முறை குப்புறப் போட்டிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்கிற டாக்டர் கையில் ட்யூப், அவர் எண்ணினால்தான் மற்றவர்கள் அசைய வேண்டும். அதற்கு முன்பே மூக்குக் குழாய் உணவை நிறுத்துவோம், கண்ணை மூடி டேப் போடுவோம், நெஞ்சில் இருக்கிற ஈசிஜி பட்டன்களைப் பிடுங்கி முதுகுக்கு மாற்றுவோம். மார்புக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, வயிறு அழுந்தக் கூடாது. நீச்சல் அடிக்கிற மாதிரி ஒரு கை மேலே, ஒரு கை கீழே, இரண்டு மணிக்கொரு முறை கையையும் முகத்தையும் மாற்ற வேண்டும். இப்படி 16 மணி நேரம். பிபிஇ கிட்டுக்குள் வியர்வை ஊற்ற, கண்ணாடி மங்க, இதைச் செய்தோம். திருப்பிப் போடும்போது முகம் வீங்கி அடையாளமே தெரியாது. அப்பா கன்னத்திலோ முகவாயிலோ கறுப்புத் தழும்பு இருந்தால் அது இதுதான்.

ஏன் குப்புற? மல்லாந்து படுத்தால் அடி மூட்டை மாதிரி முதுகுப் பக்க நுரையீரல் நசுங்குகிறது. நுரையீரலின் பெரிய பகுதியே அங்கேதான். திருப்பினால் அது விரியும். ஒரு மணி நேரத்தில் 82-லிருந்து 93-க்கு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ஏறாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

---

வண்டிப்பாளையத்தாள்

அக்கா, முகவாயில் இருக்கிறது. ஷேவ் பண்ணும்போது வெட்டியது என்று இத்தனை நாள் நினைத்தோம்.

---

கோரிமேடு_மயக்கம்

செந்தில், உங்கள் கேள்வியை எங்கள் ஆட்களே கேட்டுச் சண்டை போட்டார்கள். மழுப்பாமல் சொல்கிறேன்.

வென்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்தாது. அது ஆற நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். தவறாக வைத்தால் கெடுக்கவும் செய்யும். 2000-இல் அமெரிக்காவில் 861 ஏஆர்டிஎஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பெரிய மூச்சு கொடுத்தவர்களில் 40 சதவீதம் இறந்தார்கள், சின்ன மூச்சு கொடுத்தவர்களில் 31 சதவீதம். அதிலிருந்து கணக்கு கிலோவுக்கு 6 மில்லி. அதுவும் தராசு எடைக்கு இல்லை, உயரத்திலிருந்து கணக்கிட்ட எடைக்கு. 165 செ.மீ. ஆணுக்கு அது ஏறக்குறைய 61 கிலோ, ஒரு மூச்சுக்கு 370 மில்லி. ஆள் 90 கிலோ இருந்தாலும் அதே 370. அப்படி வைத்தும் சிலருக்கு நுரையீரல் ஓட்டையாகிக் காற்று தோலுக்கடியில் கழுத்து வரை ஏறியது. தொட்டால் மொறமொறவென்று இருக்கும். இதையெல்லாம் மறைக்க முடியாது.

ஆனால் மெஷின் வைக்காமல் விட்டால் என்ன? நிமிடத்துக்கு 40 மூச்சு வாங்கிக்கொண்டே எத்தனை நாள் இருக்க முடியும்? கழுத்துத் தசை இழுக்கும், விலாவுக்கு நடுவில் குழி விழும், அந்த இழுப்பே நுரையீரலைக் கிழிக்கும். கடைசியில் களைத்துப்போய்க் கரியமில வாயு ஏறி மயங்குவார்கள். அந்த நிலைக்கு வந்தவருக்குத்தான் ட்யூப் போடுகிறோம். ஆகவே வென்டிலேட்டரில் இருந்தவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள் என்றால், ஏற்கனவே மிக மோசமாக இருந்தவர்களைத்தான் அதில் போட்டோம் என்பதும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. 2020 தொடக்கத்தில் வூஹானில் 52 கடும் நோயாளிகளில் 32 பேர் 28 நாளில் இறந்தார்கள். அப்போது கையில் மருந்தே இல்லை.

2021-இல் இங்கே நடந்ததற்கு இன்னொரு காரணம் ஆள் பற்றாக்குறை. மெஷினை நன்கொடையாக வாங்கிவிடலாம். அதை அறிந்து இயக்குகிற டாக்டரையும், இரண்டு பெட்டுக்கு ஒரு நர்ஸையும் நன்கொடையாக வாங்க முடியாது. குப்புறப் போட ஐந்து பேர் வேண்டும் என்று அக்கா எழுதியிருக்கிறாரே, பாதி இடங்களில் ராத்திரி ஷிப்ட் மொத்தமே அவ்வளவு பேர்தான். உங்கள் அண்ணனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். கேஸ் ஷீட் நகல் கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. வாங்குங்கள், வரி வரியாக உட்கார்ந்து பார்க்கலாம். தனிச்செய்தி அனுப்புங்கள்.

---

முதுநகர்_செந்தில்

அனுப்புகிறேன் சார். ஒன்றே ஒன்று. அண்ணனுக்குச் சர்க்கரை கிடையாது. உள்ளே போன பிறகு 400 என்று சொன்னார்கள். அது எப்படி?

---

கோரிமேடு_மயக்கம்

ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன். நோயும் கூடவே ஏற்றும். சர்க்கரை இருப்பதே தெரியாமல் பல வருடம் இருந்தவர்களும் நம் ஊரில் நிறைய. 400 வந்தால் இன்சுலின் சொட்டாகப் போடுவோம்.

அதற்காக ஸ்டீராய்டைத் திட்டாதீர்கள். இந்த நோயில் உயிரைக் காப்பாற்றும் என்று முதலில் நிரூபணமான மருந்து அதுதான். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு: தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41 சதவீதத்திலிருந்து 29-க்கு இறங்கியது. சில ரூபாய் மாத்திரை அது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குக் கொடுத்ததில் பலன் இல்லை, கெடுதல் பக்கம் சாய்ந்த மாதிரிகூட இருந்தது. நம் ஊரில் நடந்தது தலைகீழ். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வாட்ஸ்அப் சீட்டைக் காட்டி மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கினார்கள்.

---

லாஸ்பேட்டை_வாத்தியார்

அதன் வால்தான் கறுப்புப் பூஞ்சை. கட்டுப்படாத சர்க்கரை, தேவைக்கு மேல் ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்த இடத்தில் மியூகோர் வந்தது. மூக்கடைப்பு, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, கண் வீக்கம், அண்ணத்தில் கறுப்பு. அதற்கான மருந்து ஆம்போடெரிசின் கிடைக்காமல் அலைந்தவர்கள் என் தெருவிலேயே உண்டு.

பிளாஸ்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஆய்வு செய்து, பலன் இல்லை என்று 2020-லேயே வெளியிட்டது. அரசின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அதை எடுத்ததோ 2021 மே 17. நடுவில் இருந்த மாதங்களில் எத்தனை குடும்பம் பிளாஸ்மா கேட்டு ஸ்டேட்டஸ் போட்டது!

---

பண்ருட்டி_பலாச்சுளை

நான் இரண்டு பேருக்குப் பிளாஸ்மா கொடுத்தேன் சார். வீணா?

---

லாஸ்பேட்டை_வாத்தியார்

கொடுத்த மனசு வீண் இல்லை தம்பி. மருந்தாக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

---

சிதம்பரம்_பிசியோ

ஃபைலின் கடைசி இரண்டு சொற்களை யாரும் தொடவில்லை, டெலிரியம், பலவீனம். அவைதான் வீட்டுக்கு வந்த பிறகு நம் தலையில் விழுபவை.

டெலிரியம் என்றால் மூளை குழம்பிப் போவது. தூக்க மருந்து, காய்ச்சல், பகல் இரவு தெரியாத விளக்கு, முகமே தெரியாத உடைக்குள் மனிதர்கள். சிலர் ட்யூபைப் பிடுங்குவார்கள். சிலர் சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள், அது இன்னும் மோசம், யாரும் கவனிக்க மாட்டார்கள். தன்னை எங்கோ கடத்திப் போனதாகப் பிறகு சத்தியம் செய்தவர்கள் உண்டு.

பலவீனம் வெறும் சோர்வு இல்லை. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்ததாலும், நோயின் கடுமையாலும், ஸ்டீராய்டாலும் தசையும் நரம்பும் தேய்ந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆனவரால் சட்டைப் பித்தான் போட முடியாது. கட்டிலிலிருந்து எழுந்து நிற்பதே முதல் வார இலக்கு. குப்புறப் போட்டவர்களில் சிலருக்குத் தோள்பட்டை நரம்பு அழுந்திக் கை தூக்க வராது. அக்கா, அப்பாவுக்கு இப்போது கை இரண்டும் தலைக்கு மேலே போகிறதா?

---

வண்டிப்பாளையத்தாள்

இடது கை முழுக்கப் போகாது. வயதானதால் என்று விட்டுவிட்டோம். கடத்திப் போனது பற்றிக் கேட்டீர்களே, முள்ளோடை செக்போஸ்ட்டில் தன்னைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று அப்பா இன்றும் சொல்கிறார். ஆம்புலன்ஸில் பாண்டிக்குப் போகும்போது அங்கே கொஞ்ச நேரம் நின்றது உண்மைதான்.

---

கோரிமேடு_மயக்கம்

சரி, இனி ஆபரேஷன். உங்கள் மயக்க டாக்டர் ஃபைலை ஏன் கேட்டார் என்றால்:

ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பது) போட்டவர்களுக்கும், ட்யூப் நீண்ட நாள் இருந்தவர்களுக்கும் மூச்சுக்குழாய் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். மாடி ஏறும்போது மூச்சு உள்ளே இழுக்கையில் விசில் மாதிரி சத்தம் வருகிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்து வைத்திருப்பார்கள், அது வேலை செய்யாது. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

நுரையீரலில் தழும்பு தங்கியிருக்கிறதா என்பதற்கு ஊதுகிற பரிசோதனையும் ஆறு நிமிட நடையும். நடக்கும்போது விரலில் ஆக்சிமீட்டர் இருக்க வேண்டும். உட்கார்ந்து எடுத்த 97-ஐ மட்டும் நம்பக் கூடாது. விரலில் மருதாணி இருந்தால் வேறு விரல், கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு. இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ. சிறுநீரகம் அப்போது அடிபட்டதால் (ஃபைலில் ஏகேஐ என்பது அதுதான்) கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை இப்போதும் சாப்பிடுகிறாரா என்பது முக்கியம், இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடுவதென்றால் அதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், அதுவும் அவர்கள் சொல்லித்தான். தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம் என்றால் பல நேரம் முதுகு ஊசியிலேயே முடித்துவிடலாம், ட்யூபே வேண்டாம். முடிவு உங்கள் டாக்டருடையது. இடது தோளையும் சொல்லுங்கள், டேபிளில் கையை எப்படி வைப்பது என்று பார்த்துக்கொள்வார்கள்.

ஃபைலுக்குள் சின்னச் சின்ன வழவழப்பான ரசீது மாதிரி தாள்கள் இருக்கும், ரத்த வாயுப் பரிசோதனைச் சீட்டு. அது தெர்மல் பேப்பர், வெயில் பட்டால் எழுத்து போய்விடும். ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டு போங்கள்.

---

வண்டிப்பாளையத்தாள்

ரத்த மாத்திரை இல்லை சார், ஆறு மாதத்தில் நிறுத்தினார்கள். விசில் சத்தம் இல்லை, குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. தொடை இடுக்கில்தான். ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன். செவ்வாய்க்கிழமை அவரைப் பார்க்கிறோம், என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன். செந்தில் அண்ணே, கேஸ் ஷீட் வாங்கப் போகும்போது மனு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் கேளுங்கள், நான் எங்கள் ஃபைலுக்கு எழுதியது இருக்கிறது.